இருட்டுக்குள் பத்து நிமிஷம்

இருட்டைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல உலகத்தில் ஆள் கிடையாது. மேடை ஏறுகிறவர், ஆறுதல் சொல்ல வருகிறவர், வாழ்த்து அட்டை அச்சடிக்கிறவர் எல்லாரும் வெளிச்சத்தின் கட்சிதான். இருட்டுக்கு வக்காலத்து வாங்க ஒரே ஒருத்தி இருந்தாள். அவளும் சம்பளத்துக்காக இருந்தாள்.

கோழிக்குஞ்சு பொரிக்கும் ஹேச்சரியில் பதினேழு வருஷமாக வேலை. அங்கே அவளை ஆந்தையக்கா என்பார்கள். முன்னால் ‘அக்கா’ என்றும், அவள் அந்தப் பக்கம் போனதும் வெறும் ‘ஆந்தை’ என்றும் சொல்வார்கள். அவளுக்கு இரண்டும் தெரியும். “ஆந்தைக்குக் காதும் நல்லாக் கேக்கும்டா” என்று திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிட்டுப் போவாள்.

வேலை இதுதான். மெஷினின் சூட்டில் பதினெட்டு நாள் இருந்த முட்டைகள் ட்ரே ட்ரேயாக அவளுடைய அறைக்கு வரும். ஜன்னலே இல்லாத அறை. கதவுக்கு உள்பக்கம் கனமான கறுப்புத் திரை. நடுவில் ஒரு மேஜை, மேஜைக்கு அடியில் விளக்கு. ட்ரேயை அதன்மேல் வைத்தால் வெளிச்சம் அடியிலிருந்து ஒவ்வொரு முட்டைக்குள்ளும் ஏறும். அப்போது பளிச்சென்று மின்னுகிற முட்டை வெறும் முட்டை. உள்ளே ஒன்றுமில்லை, எடுத்து ஓரமாக வைக்க வேண்டியதுதான். இருண்டு கிடக்கிற முட்டைக்குள்தான் குஞ்சு இருக்கிறது. அந்த இருட்டேதான் குஞ்சு. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் எல்லாரும் முதல் நாள் மின்னுகிறதை நல்லது என்று ஒரு பக்கம் பத்திரமாக அடுக்கி வைத்து, வாங்கிக் கட்டிக்கொள்வார்கள்.

உள்ளேயே செத்துப்போன குஞ்சும் இருட்டாகத்தான் தெரியும் என்பதில்தான் சிக்கல். எது உயிருள்ள இருட்டு, எது செத்த இருட்டு என்று பிரித்துச் சொல்லத்தான் ஆந்தையக்கா. சந்தேகமான முட்டையைக் கையில் எடுப்பாள். அகலமான முனையில் சின்னக் கைவிளக்கை வைத்துக் காத்திருப்பாள். நூல் அளவுக்கு ஒரு சிவப்பு நரம்பு, ஓரத்தில் ஒரு துளி அசைவு, உள்ளங்கையில் கொஞ்சம் சூடு. இதில் ஏதாவது ஒன்று வந்தால் போதும், முட்டை ட்ரேக்குத் திரும்பிவிடும். வராவிட்டால் கழிவுக் கூடைக்கு.

இதற்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. வெளியிலிருந்து அறைக்குள் வந்தால் மேஜை விளக்கைத் தொடக் கூடாது. பத்து நிமிஷம் சும்மா உட்கார வேண்டும். கண்ணில் ஒட்டியிருக்கும் வெளி வெயில் வடிந்து, கண் இருட்டுக்குப் பழகின பிறகுதான் முட்டையைத் தொடலாம். இல்லாவிட்டால் எல்லா முட்டையும் ஒரே மாதிரி செத்ததாகத் தெரியும். சிறுநீர் கழிக்கப் போய் வந்தாலும் பத்து நிமிஷம், மேனேஜர் கூப்பிட்டுப் போய் வந்தாலும் பத்து நிமிஷம்.

அந்தப் பத்து நிமிஷத்தைப் பற்றி அவள் யாரிடமும் பேசியதில்லை. பேசினால் சிரிப்பார்கள். முதல் ஒன்றிரண்டு வருஷம் அது வெறும் ஓய்வாகத்தான் இருந்தது. பிறகு என்ன ஆனதோ, கையை மடியில் போட்டுக்கொண்டு அந்த இருட்டில் உட்கார்ந்தால், பக்கத்தில் யாரோ உட்கார்ந்திருப்பது போல இருக்கும். பயமாக இராது. ஒன்றும் கேட்காத, ஒன்றும் சொல்லாத ஆள். அவளும் எதுவும் கேட்கமாட்டாள். கும்பிடுவது என்றால் அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். எழுந்து விளக்கைப் போடும்போது மனசு கழுவித் துடைத்தது போல இருக்கும்.

இதெல்லாம் மகள் படுத்த படுக்கையாவதற்கு முன்னால்.

மகளுக்கு இருபத்திரண்டு வயது. ஒரு பல் டாக்டரிடம் உதவியாளராக இருந்தாள். துறுதுறுவென்று பேசுவாள், அப்பாவைக் கிண்டல் செய்வாள், குளியலறையில் பாட்டு. ஐந்து மாதத்துக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை எழுந்திருக்கவில்லை. உடம்பு சரியில்லை என்றாள். செவ்வாயும் சரியில்லை. அப்புறம் வேலைக்குப் போகவே இல்லை. கம்பளியை ஜன்னல் மறைய ஆணி அடித்து மாட்டிவிட்டு, சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள்.

“என்ன காரணம்?” என்று எல்லாரும் கேட்டார்கள். யாராவது ஏமாற்றிவிட்டானா? வேலை இடத்தில் ஏதாவது? ஒன்றும் இல்லை. காரணம் இருந்தால் அதன் சட்டையைப் பிடித்து உலுக்கலாம். காரணமே இல்லாததோடு எப்படி மல்லுக்கட்டுவது? ஒரு நாள் சாயங்காலம் மகளே சொன்னாள், சுவரைப் பார்த்தபடி: “தூங்கினா அப்படியே எந்திரிக்காம இருந்துட்டா நல்லா இருக்கும்மா.” பெற்றவள் அதை அப்படியே போய்ப் புருஷனிடம் சொன்னாள்.

அன்றைக்கே அவளுடைய வீட்டுக்காரர், தச்சர், ஸ்க்ரூ டிரைவரை எடுத்து வந்து மகளின் அறைத் தாழ்ப்பாளைக் கழற்றினார். தான் மாட்டின தாழ்ப்பாளைத் தானே கழற்றினார். மூன்று ஸ்க்ரூவையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, போய் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டார். மனுஷன் அதற்குப் பிறகு வீட்டில் பேசுவதையே ஏறக்குறைய நிறுத்திவிட்டார்.

பேசுவதற்கு அவருடைய தங்கை இருந்தாள். நாத்தனார் வாரம் ஒருமுறை வருவாள். “இப்படி இருட்டுல போட்டு வச்சா எப்படி அண்ணி வெளங்கும்? பொண்ண வெளிச்சத்துக்குக் கொண்டாங்க!” என்று வந்ததும் வராததுமாக ஆரம்பிப்பாள். ஆந்தையக்காவும் தன்னால் ஆன மட்டும் கொண்டுவரத்தான் பார்த்தாள். தினமும் வேலை முடிந்து வந்ததும் நேரே அந்த அறைக்குள் போய் லைட்டைப் போடுவாள். கம்பளியை இழுத்துப் பிய்ப்பாள். “எழுந்திரு, வெளிய வா, எவ்வளவு நாள் இப்படி?” என்பாள். கெஞ்சுவாள், திட்டுவாள், அழுவாள். மகள் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வாள். அம்மா போனதும் எழுந்து கம்பளியை மறுபடி மாட்டிவிட்டுப் படுத்துக்கொள்வாள். ஆணி அடித்த இடமெல்லாம் சுவர் பெயர்ந்துபோயிருந்தது.

டாக்டரிடமும் கூட்டிப் போனாள். டாக்டர் மகளைப் பார்த்துக் கேட்ட கேள்விக்கெல்லாம் இவளே பதில் சொன்னாள். மாத்திரை கொடுத்தார்கள். தினமும் கையில் கொடுத்து, தண்ணீர் கொடுத்து, வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்ப்பாள். வாய் காலியாக இருக்கும். சரி, முழுங்கிவிட்டாள் என்று டார்ச்சை அணைப்பாள். ஒன்றும் குறையவில்லை.

வேலைக்கு வந்தால் மட்டும் மனசு ஆறுமா? அந்தப் பத்து நிமிஷம் இப்போது பாழாய்ப் போன பத்து நிமிஷமாகிவிட்டது. விளக்கில்லாமல் உட்கார்ந்தால் போதும், கண் முன்னால் வரக் கூடாததெல்லாம் வந்து நிற்கும். பக்கத்தில் உட்காரும் ஆளையும் காணோம். “எங்க போய்த் தொலைஞ்சே?” என்று ஒரு நாள் வாய்விட்டே கேட்டாள். அந்த ஆள் பதில் சொல்லும் வழக்கம் முன்பே இல்லை. ஆகவே பத்து நிமிஷம் ஏழாயிற்று, ஏழு நாலாயிற்று.

அறைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. அதனால் மணிக்கு ஒருமுறை வெளியே வந்து வீட்டுக்கு அடிப்பாள். மகள் எடுப்பாள். “ம்” என்பாள். அவ்வளவுதான். அந்த ஒரு “ம்”மை வாங்கிக்கொண்டு போய் அடுத்த ஒரு மணி நேரத்தை ஓட்டுவாள்.

அன்றைக்கு ஒன்பது மணிக்கு “ம்” வந்தது. பத்து மணிக்கு மணி அடித்து அடித்து ஓய்ந்தது, எடுக்கவில்லை.

வீட்டுக்கு ஓடிப் போய்ப் பார்க்கத் தோன்றியது. ஆனால் ஓட முடியவில்லை. ஏற்கெனவே இரண்டு தடவை இப்படி மகள் போனை எடுக்காததால், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடியிருக்கிறாள். இரண்டு தடவையும் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். “என்ன வேவு பாக்குறியா? நான் செத்துட்டேனான்னு பாக்க வந்தியா?” என்று கேட்டுவிட்டாள். அந்தக் கேள்வியை இன்னொரு தடவை வாங்கிக்கொள்ள இந்தத் தாய்க்குத் தெம்பில்லை. தூங்குகிறாள், தூங்குகிறாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அறைக்குள் வந்தாள். உட்காரவில்லை. நேரே மேஜை விளக்கைப் போட்டாள்.

பத்தரைக்கு மறுபடி வெளியே வெயிலில் நின்று அடித்தாள். எடுக்கவில்லை. உள்ளே வந்தாள், உட்காரவில்லை. பதினொன்றுக்கு வீட்டுக்காரருக்கு அடித்துப் பார்த்தாள். மரம் அறுக்கும் சத்தத்தில் அவருக்கு எங்கே கேட்கப் போகிறது? வீட்டுக்கு அடித்தாள். எடுக்கவில்லை. உள்ளே வந்து ட்ரேயை வைத்தாள். கையில் எடுத்த முட்டையெல்லாம் கறுப்பாக, அசைவில்லாமல் இருந்தது. கூடையில் போட்டாள். இன்றைக்குச் செத்தது அதிகம் என்று மட்டும் தோன்றியது. உலகத்தில் எல்லாமே செத்துக்கொண்டிருப்பதாக நினைத்த மனசுக்கு அது ஆச்சரியமாகவே படவில்லை.

பதினொன்றேகாலுக்கு சூப்பர்வைசர் கழிவுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனார். தினமும் அதிலிருந்து நாலைந்து முட்டையை உடைத்துப் பார்ப்பார். எத்தனையாவது நாளில் செத்தது, எதனால் செத்தது என்று எழுதி வைக்க வேண்டும். இவளைவிடப் பத்து வயது சின்னவர், நல்ல மாதிரி. சிறிது நேரத்தில் திரை விலகியது.

“அக்கா, கொஞ்சம் வெளிய வாங்க.”

அவர் குரலே சரியில்லை. கழுவும் தொட்டிக்குப் பக்கத்து மேஜையில் தட்டு. தட்டில் உடைத்த முட்டை. அதற்குள் ஈரமான மஞ்சள் ரோமத்தோடு ஒரு குஞ்சு, இன்னும் மூன்று நாள் உள்ளே இருந்திருக்க வேண்டியது, காலை உதைத்துக்கொண்டிருந்தது. அலகைத் திறந்து திறந்து மூடியது. அதைத் திரும்ப எங்கேயும் வைக்க முடியாது. இரண்டு பேருக்கும் அது தெரியும்.

“உக்காராம ஆரம்பிச்சீங்களாக்கா?” என்றார் மெதுவாக.

பதினேழு வருஷத்தில் யாரும் அவளிடம் கேட்கத் தேவைப்படாத கேள்வி. ஆமாம் என்று தலையை ஆட்டினாள். அந்தக் குஞ்சு அடங்கும் வரைக்கும் கண்ணை எடுக்காமல் நின்றாள். தன்னால் ஆனது, தான் பார்க்காமல் யார் பார்ப்பது?

“மீதி முப்பத்தொண்ணு இருக்கு கூடையில. நான் பாக்கட்டுமா?”

“நானே பாக்கறேன்.”

கூடையை மார்போடு அணைத்துக்கொண்டு இருட்டு அறைக்குள் போனாள். ஸ்டூலில் உட்கார்ந்தாள். வீட்டில் என்ன நடந்ததோ, ஏது நடந்ததோ என்று நெஞ்சு கிடந்து அடித்துக்கொள்கிறது. ஓடு ஓடு என்கிறது கால். மடியில் முட்டைகளின் சூடு இறங்கிக்கொண்டிருக்கிறது. கூடையைத் துணியால் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் வாழ்க்கையில் அதைவிட நீளமான பத்து நிமிஷம் கிடையாது. கண் முன்னால் வரக் கூடாததெல்லாம் வந்தது. வரட்டும் என்று உட்கார்ந்தாள். அழுகை வந்தது, அதையும் வரவிட்டாள். துடைக்கக்கூட இல்லை, இருட்டில் யார் பார்க்கப் போகிறார்கள்?

பிறகு விளக்கை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். இதோ நரம்பு. இதோ அசைவு. எவ்வளவு பளிச்சென்று தெரிகிறது! இதையா செத்ததென்று போட்டேன்? முப்பத்தொன்றில் நாலுதான் நிஜமாகச் செத்தது. இருபத்தேழைத் திரும்ப ட்ரேயில் அடுக்கிக் கொடுத்துவிட்டு, “நான் வீட்டுக்குப் போகணும்” என்றாள். “போங்கக்கா” என்றார் சூப்பர்வைசர். “பொரியுமான்னு மூணு நாள்ல தெரியும். வெளிய ரொம்ப நேரம் இருந்துடுச்சு.”

பஸ்ஸில் இருபத்தைந்து நிமிஷம். இரண்டு மாடி. சாவி பூட்டுக்குள் போகமாட்டேன் என்று அடம் பிடித்தது. உள்ளே ஹாலில் மத்தியான வெயில் தரை வரைக்கும் கிடந்தது. தாழ்ப்பாள் இல்லாத கதவைத் தள்ளினாள்.

கும்மிருட்டு. வெயிலிலிருந்து வந்த கண்ணுக்கு ஒன்றுமே தெரியவில்லை. கட்டில் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறுப்புக் குவியல். அசைவில்லை. கை தானாக ஸ்விட்சுக்குப் போனது. ஸ்விட்சின் மேல் விரலும் வைத்துவிட்டாள்.

அப்படியே நின்றாள். பிறகு கையை எடுத்துவிட்டு, தடவித் தடவிப் போய்ப் போர்வைக்கு வெளியே கிடந்த பாதத்தைத் தொட்டாள்.

சூடாக இருந்தது.

அப்படியே கட்டிலோரமாகத் தரையில் உட்கார்ந்தாள். பேச ஒன்றும் இல்லை, ஐந்து மாதமாக எல்லாவற்றையும் பேசித் தீர்த்தாகிவிட்டது. கையை மடியில் போட்டுக்கொண்டாள். கதவை உள்ளே வந்ததும் சாத்தியிருந்தாள். தாழ்ப்பாள் இருந்த இடத்தில் மூன்று ஸ்க்ரூ ஓட்டை, மூன்று சின்ன வெளிச்சப் புள்ளி. முதலில் அது மட்டும்தான் தெரிந்தது. அப்புறம் கம்பளியின் ஓரம். அப்புறம் நாற்காலி, அதன்மேல் மடித்து வைத்த துணி. மகள் துணி மடித்து வைக்கிறாள் என்பதே அவளுக்கு இதுவரைக்கும் தெரியாது. லைட்டைப் போட்ட நாளிலெல்லாம் அவள் பார்த்தது கண்ணை மூடின ஒரு முகத்தை மட்டும்தான்.

அப்புறம் அந்த முகம் தெரிந்தது. கண் திறந்திருந்தது. சுவரைப் பார்க்கவில்லை, இவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரமாகவோ.

“லைட்டப் போடலியா?” என்றாள் மகள்.

“போட்டா ஒண்ணும் தெரியமாட்டேங்குது.”

அந்த அறையில் மூன்றாவதாக ஒரு ஆளும் உட்கார்ந்திருந்தார் என்று ஆந்தையக்கா பிறகு யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் உட்கார்ந்திருந்தார்.

“ஏன் இந்நேரத்துக்கே வந்துட்ட?”

ஐந்து மாதத்தில் அம்மாவைப் பற்றி மகள் அக்கறையாகக் கேட்ட முதல் கேள்வி. சமாளித்து ஏதாவது சொல்லலாம். வேலை சீக்கிரம் முடிந்தது என்று சொல்லலாம். அவள் நடந்ததை அப்படியே சொன்னாள். போன் எடுக்காதது, உட்காராமல் ஆரம்பித்தது, கூடை, தட்டு.

“அந்தக் குஞ்சு?”

“செத்துடுச்சு. என் தப்பு.”

“நீ பாத்தியா?”

“கடைசி வரைக்கும் பாத்தேன்.”

மகள் எழுந்து உட்கார்ந்தாள். முழங்காலைக் கட்டிக்கொண்டாள். இருட்டில் அவள் மூச்சு விடுவது நன்றாகக் கேட்டது.

“போன் அடிச்சப்பல்லாம் கையிலதாம்மா வச்சிருந்தேன். எடுத்தா ம்-னு சொல்லணும். தினமும் பொய்தான் சொல்லிட்டிருந்தேன். இன்னிக்கு அந்தப் பொய் வரல.”

“இனிமே சொல்ல வேண்டாம். வாய்க்கு என்ன வருதோ அதச் சொல்லு. ஒண்ணும் வரலன்னா எடுத்துட்டு சும்மா இரு. நான் கேட்டுட்டு இருக்கேன்.”

மகள் தலையணையை மடியில் இழுத்துக்கொண்டு, உறையின் மூலையில் போட்டிருந்த முடிச்சை அவிழ்த்தாள். இருட்டில் கையை நீட்டினாள். அம்மா உள்ளங்கையை விரித்தாள். உள்ளே வந்து விழுந்தவை மாத்திரைகள். டார்ச் அடித்துப் பார்த்து முழுங்கிவிட்டாள் என்று இவள் நம்பிய மாத்திரைகள். ஒரு கைப்பிடி இருந்தது. மகளின் உடம்புச் சூடு அவற்றில் இருந்தது.

அலறவேண்டும் போல் இருந்தது அந்தத் தாய்க்கு. அலறவில்லை. கையை மூடிக்கொண்டாள்.

“காலைல இத எடுத்து வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்” என்றாள் மகள். “போன் அடிச்சுட்டே இருந்துச்சு.”

“நாளைக்கு டாக்டர்கிட்டப் போலாமா? நீ பேசு. நான் வெளிய உக்காந்துக்கறேன்.”

வெளியே தெருவில் ஏதோ வண்டி பின்னால் எடுக்கிற சத்தம். ஸ்க்ரூ ஓட்டைகளில் வெளிச்சம் கொஞ்சம் நகர்ந்திருந்தது.

“மத்ததெல்லாம்?” என்றாள் மகள் திடீரென்று.

“எது?”

“முட்டை.”

“இருபத்தேழு உயிரோட இருந்துச்சு. திரும்ப உள்ள வச்சிருக்கு. சூடு எறங்கியிருக்கும். பொரியுமோ பொரியாதோ, சொல்ல முடியாது.”

“எப்ப தெரியும்?”

“மூணு நாளாகும். அதுவரைக்கும் தொடக் கூடாது.”

மகள் மறுபடி படுத்தாள். சுவர்ப் பக்கம் திரும்பவில்லை, அம்மா இருக்கும் பக்கமாகப் படுத்தாள்.

“மூணு நாள் கழிச்சு வந்து என்கிட்ட சொல்லு” என்றாள். “எத்தன பொரிஞ்சுதுன்னு.”

நாளைக்கு என்ற பேச்சே ஐந்து மாதமாக அந்த வாயிலிருந்து வந்ததில்லை. மூன்று நாள். ஆந்தையக்கா சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு, சத்தம் வராமல் இருக்கப் பார்த்தாள். முடியவில்லை.

“சொல்றேன்” என்றாள்.